எல்லை கடந்து எட்டு நாட்கள்: பினாங்கிலிருந்து காஞ்சனபுரி வழியாகப் பேங்காக் வரை

ஒன்றரை ஆண்டுக்கு முன் செபராங் பிறையிலுள்ள ரப்பர்த் தோட்டம் ஒன்றிற்கு நாம் அலுவல் நிமித்தம் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து மண்டபத்தை விட்டுப் புறப்படும் வேளையில், பால்வெட்டுத் தொழில் செய்யும் கணவனும் மனைவியும் ஒரு தாளை நம்மிடம் நீட்டினர். பயண முகவர் ஒருவர் அச்சிட்டு வழங்கிய விளம்பரத் தாள் அது. ‘இரண்டு நாடுகள், ஏழு நகரங்கள், ஐந்து நாட்கள்’ என்று அதில் பெரிய எழுத்துகளில் காணப்பட்டது. "சார், இதுல போகலாமா? காசு கட்டிடலாமா?" என்று அவர்கள் வினவினர்.

நாம் அத்தாளைப் படித்துக்கொண்டிருக்கும்பொழுதே, உடன் வந்திருந்த அவர்கள் வீட்டு மூதாட்டி அருகில் வந்தார். எண்பதைக் கடந்தவர். "ஐயா, இந்த வண்டி சயாம் ரயில் போட்ட எடத்துக்குப் போகுமா? எங்கப்பா அங்கதான் போனாரு. நான் அப்பக் கைக்குழந்தையாம். எங்கம்மா சொல்லும். ஒரு தடவ அந்த மண்ணப் பாத்துட்டாப் போதும்" என்றார்.

முகவர் குறித்திருந்த ஏழு நகரங்களில் காஞ்சனபுரி இல்லை. அவர் மீது குறை காண்பது நம் நோக்கமன்று. அவர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு திட்டம் வகுத்திருந்தார். இக்குடும்பத்தின் மனத்தில் இருந்ததோ வேறு. அன்று மாலை அம்மண்டபத்து மேசையில் அமர்ந்து அவர்களும் நாமுமாக ஒரு பயணத் திட்டம் தீட்டினோம். அத்திட்டத்தையும், அதனைத் தீட்டிய முறையையும் வாசக அன்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதி இங்கு விவரிக்கின்றோம்.

நோக்கமே முதற்படி

சுற்றுலா என்றதும் பலர் முதலில் வினவுவது ‘எவ்வளவு செலவாகும்?’ என்பதே. அதற்கும் முன்னதாக வினவ வேண்டியது, ‘எதனைக் காணப் போகின்றோம்?’ என்பதாகும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், சிறு பிள்ளைகள் உட்பட, தாம் காண விரும்பும் ஒன்றே ஒன்றைச் சொல்லட்டும். அவ்வாறு கேட்டபொழுது, மூதாட்டி காஞ்சனபுரி என்றார். மருமகள் பேங்காக் மாரியம்மன் ஆலயம் என்றார். மகன் படுக்கை வசதியுள்ள நெடுந்தூர ரயிலில் செல்ல வேண்டும் என்றார். பிள்ளைகள் இருவரும் கடல் என்றனர். இந்த நான்கு விருப்பங்களுமே திட்டத்தின் நான்கு தூண்களாயின. இவற்றுள் ஒன்றைத் தாங்காத நகரம் எதுவாயினும் அதனை நீக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

நகரங்களை நீக்குவதற்கு மனம் வருவதில்லை. ஆகவே ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டினோம். ஐந்து நாட்களுக்கு மொத்தம் 120 மணி நேரம். உறக்கத்திற்கு நாளொன்றுக்கு 8 மணி வீதம் 40 மணி போய்விடும். குளியல், உணவு ஆகியவற்றிற்கு 3 மணி வீதம் 15 மணி. ஏழு நகரங்களுக்குச் சென்று வீடு திரும்ப எட்டு முறை மூட்டை கட்ட வேண்டும். முறை ஒன்றிற்கு 5 மணி என்று கொண்டால் 40 மணி. எஞ்சுவது 25 மணி. ஏழு நகரங்களுக்குப் பகிர்ந்தால் நகரம் ஒன்றிற்கு ஏறத்தாழ மூன்றரை மணி மட்டுமே கிட்டும். அதற்குள் மூதாட்டி ஒருவர் எதனைக் காண இயலும்? நகரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் காண்பதற்குரிய நேரம் பெருகும். இதனை மனத்திற் கொண்டு, ஜோர்ஜ்டவுனில் தொடங்கி, ஹாட்யாய், நாக்கோன் பாதோம், காஞ்சனபுரி, பேங்காக் ஆகிய இடங்களோடு எட்டு நாட் பயணத்தை வகுத்தோம்.

காலமும் விடுமுறையும்

ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலத்தில் பால் குறைவதையும் வேலை தளர்வதையும் தோட்ட மக்கள் நன்கு அறிவர். நம் வட மாநிலங்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும் இக்காலமே வடக்கு நோக்கிச் செல்வதற்கும் ஏற்றது. தாய்லாந்தில் அப்பொழுது மழை குறைவு. ஏப்ரல் மாதத்தில் வெயில் கடுமையாவதோடு, 13-ஆம் நாள் தொடங்கும் சொங்கிரான் புத்தாண்டிற்காக அந்நாட்டு மக்களே ஊர்களுக்குத் திரும்புவதால் ரயிலில் இடம் கிடைப்பதரிது. நவம்பர், டிசம்பர் மாதங்களைத் தவிர்த்தல் நலம். 2000, 2010, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நவம்பர் மாதத்திலேயே ஹாட்யாய் நகரம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. 2025-இல் நம் நாட்டுப் பயணிகள் பலரும் அங்குச் சிக்கித் தவித்தனர்.

ஆண்டு விடுமுறை தொழிலாளியின் உரிமையாகும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒரே முதலாளியிடம் ஈராண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 8 நாட்களும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பணியாற்றியவருக்கு 12 நாட்களும், ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ பணியாற்றியவருக்கு 16 நாட்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு. வார ஓய்வு நாள் இதில் சேராது. ஆகையால், ஒரு ஞாயிறு காலை புறப்பட்டு, அடுத்த ஞாயிறு பிற்பகல் வீடு திரும்பினால், எட்டு நாட் பயணத்திற்கு ஆறு நாள் விடுமுறையே போதுமானது. திங்கள் விடியலில் பிரட்டுக் களத்தில் நிற்கலாம். விடுமுறை விண்ணப்பத்தை எழுத்து மூலம், குறைந்தது இரண்டு மாதத்திற்கு முன்னரே தோட்ட அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புதல் கிடைத்த பின்னரே ரயிலுக்குப் பணம் செலுத்துக.

ஆவணங்கள்

வெளிநாடு செல்ல ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்குங்கூட, தனித்தனிக் கடப்பிதழ் வேண்டும். சாதாரண ஐந்தாண்டுக் கடப்பிதழுக்குக் குடிநுழைவு இலாகா வசூலிக்கும் கட்டணம் 200 வெள்ளி. 60 வயது நிரம்பியோருக்கும் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் 100 வெள்ளி. முன்பே கடப்பிதழ் உள்ளவர்கள், அது காலாவதியாக இன்னும் ஆறு மாதமேனும் உள்ளதா என்று பார்த்துக்கொள்க.

இங்கு ஒரு செய்தியை வலியுறுத்த விரும்புகின்றோம். மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே வழங்கப்படுவது. தோட்டங்களில் இன்றும் முதியோர் சிலர் சிவப்பு அடையாள அட்டையுடன் வாழ்கின்றனர். பிறப்புப் பத்திரம் இல்லாதோரும் உளர். பயணத்திற்கு நாட்குறித்த பின்னர் இக்குறை தெரிய வந்தால், வீட்டார் அனைவருக்கும் மனவேதனையே மிஞ்சும். ஆகவே பயணப் பேச்சை எடுத்தவுடனே வீட்டிலுள்ள எல்லாருடைய ஆவணங்களையும் மேசைமேல் பரப்பிப் பார்த்து, ஐயமிருப்பின் தேசியப் பதிவிலாகாவை அணுகுக. பயணம் அமையாவிடினும், ஆவணம் சீராவது அம்முதியோருக்கு நன்மையே. நம் மூதாட்டியிடம் நீல அட்டை இருந்தது. அதனைத் துணிப்பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

எல்லை மாநிலங்களில் வாழ்வோருக்கு வழங்கப்படும் எல்லைக் கடப்புச் சீட்டு தென் தாய்லாந்தின் எல்லையோரப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. அதனைக் கொண்டு காஞ்சனபுரிக்கோ பேங்காக்கிற்கோ செல்லலாகாது.

சில நாட் சுற்றுலாவிற்கு மலேசியருக்குத் தாய்லாந்து விசா தேவையில்லை. ஆனால் 2025 மே முதல் நாள் தொடங்கி, அந்நாட்டிற்குள் நுழையும் வெளிநாட்டினர் ஒவ்வொருவரும் மின்னியல் வருகை அட்டை ஒன்றை இணையம் வழி நிரப்ப வேண்டும். சென்று சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இதனைச் செய்தல் வேண்டும். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. பணம் கேட்கும் போலி இணையத்தளங்கள் உள்ளன; தாய்லாந்து குடிநுழைவுத் துறையின் தளத்தை மட்டுமே பயன்படுத்துக. கைப்பேசியில் பழக்கமில்லாதோர் படித்த பிள்ளைகளின் உதவியை நாடலாம்.

பணத்தைச் சேர்க்கும் வழி

கடன் வாங்கிச் சுற்றுலா செல்வது, எட்டு நாள் மகிழ்ச்சிக்காக எண்பது வாரம் துன்புறுவதற்கு ஒப்பாகும். வட்டிக்குப் பணம் கொடுப்போரிடமும், முன்பின் அறியாதோர் நடத்தும் கூட்டுப் பணத்திலும் சிக்க வேண்டா. தேசியச் சேமிப்பு வங்கி போன்றதொரு வங்கியில் இதற்கென ஒரு தனிக் கணக்கைத் திறந்து மாதந்தோறும் சேமிப்பதே தக்க வழி.

கணவனும் மனைவியும் ஆளுக்கு 200 வெள்ளி வீதம் மாதம் 400 வெள்ளி சேமித்தால், 12 மாதத்தில் 4,800 வெள்ளி சேரும். இக்குடும்பத்தில் ஐவர். கடப்பிதழ்களுக்குப் பெற்றோர் இருவருக்கும் 400, மூதாட்டிக்கு 100, பிள்ளைகள் இருவருக்கும் 200 ஆக 700 வெள்ளி. மீதம் 4,100. இதில் 400 வெள்ளியை நோய், இடர் ஆகியவற்றிற்கென ஒதுக்கி, அதனைத் தனி உறையில் வைத்துவிடுதல் வேண்டும். எஞ்சும் 3,700 வெள்ளியை மூன்று பங்காக்கலாம். ஒரு பங்கு ரயில், பேருந்து. ஒரு பங்கு தங்குமிடம். ஒரு பங்கு உணவும் நுழைவுக் கட்டணமும். எந்தப் பங்கிலிருந்தும் கடையில் பொருள் வாங்க எடுக்கலாகாது. நினைவுப் பொருளுக்குப் பிள்ளைகள் தங்கள் உண்டியலிலிருந்து செலவிடட்டும்.

நுழைவுக் கட்டணத்தை முன்னதாகவே கணக்கிடுதல் இன்றியமையாதது. சான்றாக, பேங்காக்கிலுள்ள அரண்மனைக்கு வெளிநாட்டினர் ஒருவருக்கு 500 பாட். ஐவருக்கும் கட்டணம் செலுத்த நேர்ந்தால் 2,500 பாட். நம் பணத்தில் 300 வெள்ளிக்கும் மேல். எல்லாரும் உள்ளே செல்ல வேண்டுமா, சிலர் வெளியே அமர்ந்து இளைப்பாறலாமா என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்க. வாயிலில் நின்று பேசினால் மனத்தாங்கலே வரும்.

பயண முகவர் மூலம் செல்வதாயின், அவர் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றவரா என்று உறுதி செய்துகொண்டு, செலுத்தும் பணத்திற்கு நிறுவனத்தின் பெயரால் பற்றுச்சீட்டுப் பெறுக. ‘இன்றே கட்டினால்தான் இந்த விலை’ என்று விரைவுபடுத்துவோரிடம் ஒரு நாள் தவணை கேளுங்கள். நேர்மையாளர் அதற்கு மறுப்புக் கூறார்.

எட்டு நாள் திட்டம்

முதல் நாள், ஞாயிறு. பயணம் ஜோர்ஜ்டவுனிலேயே தொடங்குகின்றது. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்நகரை, அருகிலிருந்தும் நம்மிற் பலர் முழுமையாகக் கண்டதில்லை. 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்தில் வழிபட்டு, புலாவ் தீக்குசிலுள்ள சயாமியர் ஆலயத்தில் பள்ளிகொண்ட புத்தர் சிலையைப் பார்க்கலாம். அண்டை நாட்டாரின் வழிபாட்டு ஒழுங்கைப் பிள்ளைகள் இங்கேயே அறிந்துகொள்வர். காலையிலேயே இவற்றை முடித்து, பெர்ரியில் பட்டர்வொர்த்திற்குக் கடந்து, கொமுட்டர் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்திற்குள் பாடாங் பெசார் சென்றடையலாம். முன்னாளில் பட்டர்வொர்த்திலிருந்து பேங்காக் வரை ஒரே ரயில் ஓடியது. இப்பொழுது பாடாங் பெசாரில் மாறியாக வேண்டும். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அந்நிலையக் கட்டடத்திலேயே நடைபெறுகின்றது. அங்கிருந்து நாளுக்கு இருமுறை செல்லும் சிறு ரயில் ஒரு மணி நேரத்திற்குள் ஹாட்யாய் சேர்க்கும். இரவு அங்குத் தங்கல்.

இவ்விடத்தில் பலர் தவறுவது கடிகாரத்தில். தாய்லாந்து நேரம் நம் நேரத்திற்கு ஒரு மணி பிந்தியது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்ட நாள் தொட்டு இந்த ஒரு மணி வேறுபாடு நிலவி வருகின்றது. தாய்லாந்து ரயிற் சீட்டில் உள்ள நேரம் அந்நாட்டு நேரமே.

இரண்டாம் நாள், திங்கள். காலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சொங்க்லா சென்று சமிலா கடற்கரையில் பிள்ளைகளை விளையாட விடலாம். வழியில் காணும் ரப்பர்த் தோப்புகள் நமக்கு அந்நியமாகத் தோன்றா. இயற்கை ரப்பர் உற்பத்தியில் இன்று உலகில் முதலிடம் வகிப்பது தாய்லாந்தே. அந்நாட்டின் முதல் ரப்பர்க் கன்றுகளை 1899-ஆம் ஆண்டளவில் திராங் மாநிலத்தில் நடச் செய்தவர், பினாங்கோடு நெருங்கிய தொடர்புடைய கோ குடும்பத்தைச் சேர்ந்த ஆளுநர் கோ சிம் பீ என்பவர். அவர் 1913-இல் பினாங்கிலேயே காலமானார். அந்நாட்டில் பெரும்பாலும் சிறு தோட்டக்காரர்களே தத்தம் மரங்களைத் தாமே வெட்டுகின்றனர். மாலையில் ஹாட்யாய் திரும்பி இரவு ரயில் ஏறுதல். முதியோருக்குக் கீழ்ப்படுக்கையைக் கேட்டு வாங்குக. கட்டணம் சற்று மிகுதியாயினும் அகலமானது, ஏணி ஏற வேண்டியதில்லை.

மூன்றாம் நாள், செவ்வாய். பேங்காக் வரை சென்று திரும்பி வருதல் வீண். அதற்கு முன்னுள்ள நாக்கோன் பாதோம் நிலையத்தில் இறங்குக. நிலையத்திற்கு எதிரேயே, ஏறத்தாழ 120 மீட்டர் உயரமுள்ள பிரா பாதோம் சேதி என்னும் மாபெரும் தூபி விளங்குகின்றது. அதனைக் கண்டு, உணவருந்தி, ரயிலிலோ பேருந்திலோ காஞ்சனபுரி சேரலாம். அங்கு இரண்டு இரவுகள் தங்கல்.

நான்காம் நாள், புதன். முழு நாளும் காஞ்சனபுரிக்கே. இதனைப் பின்னர் விரிவாகக் கூறுவோம்.

ஐந்தாம், ஆறாம் நாட்கள், பேங்காக். காஞ்சனபுரியிலிருந்து வரும் ரயில் தொன்புரி நிலையத்தில் நிற்கும். சீலோம் வீதியிலுள்ள மாரியம்மன் ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பியது. இன்று தாய்லாந்து மக்களே அங்குத் திரளாக வந்து பூமாலை சாத்தி வழிபடுகின்றனர். மறுநாள் 1782-இல் அடிகோலப்பட்ட அரண்மனை, 46 மீட்டர் நீளமுள்ள பள்ளிகொண்ட புத்தர் விளங்கும் வாட் போ, ஆற்றின் மறுகரையிலுள்ள வாட் அருண் ஆகியவற்றைக் காணலாம். நகரின் நடுவே நிற்கும் பெரிய சிவப்பு ஊஞ்சற் கம்பத்தையும் தவறவிடாதீர். மார்கழித் திங்களில் நாம் ஓதும் திருவெம்பாவையின் பெயரைத் தாங்கிய ‘திரியம்பாவாய்’ விழாவில், அரசவை அந்தணர் முன்னிலையில் அங்கு ஊஞ்சலாடும் சடங்கு 1930-களின் நடுப்பகுதி வரை நடந்து வந்தது.

ஏழாம் நாள், சனி. காலையில் ஓய்வு. பிற்பகலில் பாடாங் பெசார் செல்லும் ரயில். 2023 ஜனவரி முதல் தென்பகுதிக்குச் செல்லும் நெடுந்தூர ரயில்கள் குருங் தேப் அபிவாட் மத்திய நிலையத்திலிருந்தே புறப்படுகின்றன. பழைய ஹுவா லம்போங் நிலையத்திற்குச் சென்று ஏமாறாதீர்.

எட்டாம் நாள், ஞாயிறு. காலையில் பாடாங் பெசார், பிற்பகலில் வீடு.

கட்டணமும் புறப்படும் நேரமும் அவ்வப்போது மாறுவன. சீட்டு வாங்குமுன் இரு நாட்டு ரயில்வேக்களின் அட்டவணையையும் பார்த்துக்கொள்க.

காஞ்சனபுரியில்

1942-இல் மலாயா ஜப்பானியர் வசமாயிற்று. ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. பர்மாவிற்குப் படையும் தளவாடமும் கொண்டு செல்ல, சயாமிலிருந்து 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை ஒன்றை அமைக்க ஜப்பானியப் படை முற்பட்டது. கூலி உண்டு, சில மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித் தோட்ட மக்களை முதலில் அழைத்தனர். ஆட்கள் போதாதபொழுது வலிந்து பிடித்தும் சென்றனர். சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அவர்கள் பாடாங் பெசார், ஹாட்யாய் வழியாகப் பான் போங் வரை கொண்டு செல்லப்பட்டனர். நாம் இன்று படுக்கையில் உறங்கியவாறு செல்லும் அதே பாதைதான் அது.

1943 அக்டோபரில் பாதை முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்திற்கு மேற்பட்டோர் அதில் உழைத்தனர். அவருள் பன்னீராயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் முதலிய ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சம் பேருக்குக் குறையாமல் உழைத்தனர் என்றும், அவருள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்படுகின்றது. இத்துணை வேறுபாட்டிற்குக் காரணம் யாது? போர்க்கைதிகளுள் மருத்துவரும் அதிகாரிகளும் இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடிக்கச் செய்தனர், மாண்டோர் பெயரைக் குறித்து வைத்தனர். நம்மவருக்கு மருத்துவர் இல்லை, தலைவர் இல்லை, எழுதி வைப்பாரும் இல்லை. 1943-ஆம் ஆண்டு மழைக் காலத்தில் வாந்திபேதி பரவியபொழுது முகாம் முகாமாக மடிந்தனர்.

நிலையத்திற்கு அண்மையிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,982 போர்க்கைதிகள் துயில்கின்றனர். பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றுள் தமிழ்த் தொழிலாளர் ஒருவர் பெயரும் இல்லை. இதனை முன்கூட்டியே முதியோரிடம் மென்மையாகச் சொல்லி வைத்தல் நலம். தேடிப் பார்த்து ஏமாறுதல் கொடிது. ஆயினும் நம்மவருக்கென இடமே இல்லை என்று கருத வேண்டா. கல்லறைத் தோட்டத்தின் அருகிலுள்ள வாட் தாவோர்ன் வராராம் என்னும் ஆலய வளாகத்தில் ஆசியத் தொழிலாளர் நினைவாக ஒரு தூபி உள்ளது. அவ்வளாகத்திலேயே 2023-ஆம் ஆண்டில் தமிழர் முயற்சியால் நடுகல் ஒன்றும் நாட்டப்பெற்றது. ஆற்றுப் பாலத்திற்கு அருகே 1944-இல் ஜப்பானியப் படையே எழுப்பிய நினைவுச் சின்னத்தில், பிற மொழிகளோடு தமிழிலும் பொறித்த கல் ஒன்றைக் காணலாம்.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, 2003-இல் திறக்கப்பட்ட ரயில் பாதை அருங்காட்சியகம் இருக்கின்றது. பள்ளிப் பிள்ளைகள் அங்கு ஒரு மணி நேரமேனும் செலவிடட்டும். பின்னர் இரும்புப் பாலம். அதன் வளைந்த விட்டங்கள் பழையவை. நடுவிலுள்ள நேர் விட்டங்கள் இரண்டும், 1945-இல் குண்டுவீச்சில் சிதைந்தவற்றிற்கு ஈடாகப் போருக்குப் பின் பொருத்தப்பட்டவை. அங்கிருந்து நாம் தோக் என்னும் ஊர் வரை இன்றும் ரயில் ஓடுகின்றது. பாறைச் சரிவை ஒட்டி மரக்கால்களின் மீது அது ஊர்ந்து செல்லும் தாம் கிராசே என்னுமிடத்தில், பயணிகள் படம் பிடிக்க முந்துவர். அந்த மரக்கால்களை நட்டவர் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சில எச்சரிக்கைகள்

தாய்லாந்தில் கோயிலுக்கும் அரண்மனைக்கும் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். அந்நாட்டு மன்னரையும் அரச குடும்பத்தையும் பற்றி இழிவாகப் பேசுதல் சட்டப்படி கடுங்குற்றம். மின் சிகரெட்டை எடுத்துச் செல்லலாகாது. அங்குக் கஞ்சா விற்கும் கடைகள் கண்ணிற் படலாம். கஞ்சா கலந்த தின்பண்டமோ எண்ணெயோ எதனையும் தொடவும் வேண்டா, கொண்டு வரவும் வேண்டா. நம் நாட்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் ‘அறியாமல் கொண்டு வந்தேன்’ என்னும் சொல்லுக்கு எளிதில் இரங்காது. பிறர் தரும் பொதியையும் சுமக்காதீர்.

பாட்டானி, யாலா, நாராத்திவாட் ஆகிய மூன்று மாநிலங்களில் 2004 முதல் வன்செயல்கள் நிகழ்ந்து வருவதால், ஹாட்யாயிலிருந்து அத்திசையில் கிளைப் பயணம் செல்லாதிருத்தல் நன்று. கடப்பிதழ்களின் நகலை வேறொரு பையில் வைத்திருங்கள். தொலைந்தால் சொங்க்லாவில் மலேசியத் துணைத் தூதரகமும், பேங்காக்கில் தூதரகமும் உள்ளன. சுற்றுலாக் காவல் படையின் தொலைபேசி எண் 1155. முதியோரின் மருந்துகளை மருத்துவச் சீட்டோடு, இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்க.

அவர்கள் சென்று வந்தனர்

அக்குடும்பத்தார் அண்மையில் இலையுதிர் காலத்தில் சென்று திரும்பினர். திட்டத்தில் எல்லாமே சரியாக நடந்துவிடவில்லை என்பதையும் நம்மிடம் கூறினர். பாடாங் பெசாரில் கடிகாரத்தை மாற்ற மறந்து ஒரு மணி நேரம் வெறுமனே காத்திருந்தனர். இளைய பிள்ளைக்கு வருகை அட்டை நிரப்பப்படவில்லை. வரிசையை விட்டு விலகி நின்று கைப்பேசியில் நிரப்பினர். பேங்காக் வெயிலில் மூதாட்டி தளர்ந்துபோனதால், அரண்மனையைக் கைவிட்டு மாரியம்மன் ஆலயத்திலேயே நெடுநேரம் அமர்ந்திருந்தனர். மிச்சமான நுழைவுக் கட்டணம் நல்ல உணவிற்கு உதவிற்று.

காஞ்சனபுரியைப் பற்றி மூதாட்டி அதிகம் பேசவில்லை. நடுகல்லின் முன் அவர்கள் ஊதுவத்தி ஏற்றி நின்றனர். தந்தையின் பெயரை அவர் ஒரு முறை உரக்கச் சொன்னாராம். மூத்த பேரன் அப்பெயரைத் தன் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டான். அதுவரை அவ்வீட்டில் அப்பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வாசக அன்பர்களே, உங்கள் லயத்திலும் இத்தகைய நினைவோடு வாழும் முதியோர் இருத்தல் கூடும். சுற்றுலா பற்றிப் பேச்செழும்பொழுது, அவர்களையும் அருகில் அமர்த்தி, ‘நீங்கள் எதனைக் காண விரும்புகின்றீர்கள்?’ என்று ஒரு முறை கேளுங்கள். அதன் பின்னர் நாட்காட்டியையும், சேமிப்புப் புத்தகத்தையும், கடப்பிதழையும் எடுத்து வைத்துக்கொண்டு திட்டம் தீட்டுங்கள். அடுத்த இலையுதிர் காலத்திற்கு இன்றே சேமிக்கத் தொடங்கினால் காலம் போதுமானது.